பழைய காதல் திரும்பி வர்ற பிரிட்டிஷ் காமெடி நாவல்ல ஏன் யாருமே வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க?

மொட்டைமாடி_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன், கனமா எதையும் படிக்கத் தெம்பில்ல, கிண்டில்ல சும்மா தள்ளிக்கிட்டே போனப்ப ஒரு பிரிட்டிஷ் ரொமான்டிக் காமெடி கண்ணுல பட்டுச்சு, அத முடிச்ச கையோட அதே மாதிரி இன்னும் ரெண்டு. மூணும் சேத்து ஒம்போது நாளு. பேரெல்லாம் வேணாம், எழுதுனவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, படிக்கறப்ப நல்லாத்தான் சிரிச்சேன்.

ஆனா மூணுலயும் ஒரே கத. லண்டன்ல வேலையும் போயி பாய்ஃப்ரெண்டும் போயி ஹீரோயின் கடலோரமா இருக்குற சொந்த ஊருக்கு வர்றா, பாட்டி விட்டுட்டுப் போன கடை ஒண்ணு பாழடஞ்சு கெடக்கு, பதினெட்டு வயசுல உருகி உருகி லவ் பண்ண பையன் இப்ப அதே ஊர்ல முப்பத்தஞ்சு வயசு மாட்டு டாக்டரா நிக்கிறான். சரி நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் இன்னும் ஆசை இருக்குன்னு நமக்கு பதினஞ்சாவது பக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் முந்நூறு பக்கத்துக்கு மழையப் பத்திப் பேசுறாங்க, டீ போட்டுக் குடுக்குறாங்க, நாய்க்கு ஊசி போடுறாங்க, சாரி சொல்றாங்க, இல்ல இல்ல நான்தான் சாரின்னு சொல்றாங்க. அன்னிக்கு ஏன்டா ஸ்டேஷனுக்கு வரலன்னு நேரா ஒரு கேள்வி கேட்டா பத்து நிமிஷத்துல கத முடிஞ்சிரும், அத மட்டும் ரெண்டு பேரும் கேக்க மாட்டாங்க. நான் கதைய எங்கம்மாகிட்ட சொன்னப்ப, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்குதுங்கன்னு கேட்டாங்க, எனக்கும் பதில் தெரியல.

இங்கிலீஷ்காரங்க நெசமாவே இப்படித்தானா, இல்ல பக்கத்த ரொப்ப எழுதுறவங்க பண்ற வேலையா? அப்புறம் இதே கதைய, அதாவது மொதக் காதல் பல வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றத, சிரிக்கவும் வச்சு இந்த எரிச்சலும் வராம எழுதுன புக்கு இருந்தா சொல்லுங்க. அழுகாச்சி வேணாம், காய்ச்சல் இப்பத்தான் விட்டிருக்கு.


ரெண்டாம்_பதிப்பு:

வாசகி, புக்குலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். ஜேன் ஆஸ்டினோட பெர்சுவேஷன். ஐயோ கிளாசிக்கான்னு ஓடாதீங்க. நீங்க படிச்ச மூணுக்கும் கொள்ளுப்பாட்டி அது, கடலோர ஊரு உட்பட எல்லாமே அங்க இருக்கு, மாட்டு டாக்டருக்குப் பதிலா கப்பல் கேப்டன். 1817 டிசம்பர்ல வந்த புக்கு, உள்பக்கத்துல 1818னு போட்டிருக்கும், வர்றப்ப அவங்க உசுரோட இல்ல, அந்த வருஷம் ஜூலைலயே போயிட்டாங்க, 41 வயசுதான்.

கத இதான். ஆன் எலியட்டுக்கு 19 வயசுல ஃப்ரெடரிக் வென்ட்வொர்த்னு ஒரு கடற்படை ஆளு மேல காதல், நிச்சயம் வரைக்கும் போயிடுச்சு. அம்மா இல்லாத பொண்ணு, அம்மாவோட சிநேகிதி லேடி ரஸ்ஸல்தான் தாய் ஸ்தானத்துல, அவங்க கையில காசில்லாத பையன், நாளைக்கு என்ன ஆவான்னே தெரியாது, வேணாம்மான்னு பேசிப் பேசிக் கரச்சுட்டாங்க. அவன் கோவிச்சுக்கிட்டு கப்பலேறிட்டான். எட்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப இவளுக்கு 27, அப்பா சர் வால்டர் கடன்ல முங்கி வீட்ட வாடகைக்கு விடுறாரு, குடி வர்ற அட்மிரல் க்ராஃப்டோட பொண்டாட்டி யாருன்னு பாத்தா வென்ட்வொர்த்தோட கூடப்பொறந்த அக்கா. அப்புறமென்ன, தம்பி அக்காவப் பாக்க வராமலா இருப்பான்.

வந்தான். மொத சந்திப்பு ரெண்டு மூணு நிமிஷம், அவன் தலையக் குனிஞ்சு ஒரு வணக்கம், இவ பதிலுக்கு ஒண்ணு, ரூம் பூரா ஆளு, பேச்சு சத்தம், கெளம்பிட்டான். போனவன் சும்மா போகாம, ஆளே மாறிட்டாங்க, எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காதுன்னு யார்கிட்டயோ சொல்லி வச்சிருக்கான், அத ஆனோட தங்கச்சி மேரி வந்து அப்படியே இவகிட்டயே ஒப்பிக்கிறா. கெட்ட எண்ணமெல்லாம் கெடயாது, மேரிக்கு வாய் அப்படி. நம்மூர் கல்யாண மண்டபத்துல இந்த மேரிய நீங்களும் பாத்திருப்பீங்க.

எனக்குப் புடிச்ச எடம் சோபா சீன். மேரிய கட்டிக் குடுத்த மஸ்க்ரோவ் வீட்டுல விருந்து. மிஸஸ் மஸ்க்ரோவ் நல்லா வாட்டசாட்டமான அம்மா. அவங்க பையன் டிக், கடற்படைக்குப் போயி செத்துட்டவன், உசுரோட இருந்தப்ப வீட்டுல ஒருத்தருக்கும் ஆகாது, கேப்டன் உக்கார வச்சு எழுத வச்ச ரெண்டு கடுதாசியத் தவிர அவன் போட்டதெல்லாம் பணம் அனுப்புங்கதான். செத்தப்புறம் பாவம் ரிச்சர்டு ஆயிட்டான். அந்தக் கேப்டன் நம்ம வென்ட்வொர்த்தேதான். அந்தம்மா அத நெனச்சு பெருமூச்சு மேல பெருமூச்சா விட, ஆறுதல் சொல்லலாம்னு வென்ட்வொர்த் அவங்க சோபாவுலயே வந்து உக்காருறான், அந்தக் கோடியில ஏற்கனவே ஆன் உக்காந்திருக்கா. எட்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே சோபாவுல! நடுவுல மிஸஸ் மஸ்க்ரோவ். அது ஒண்ணும் லேசுப்பட்ட மறைப்பு இல்லன்னு மூஞ்சிய சீரியஸா வச்சுக்கிட்டு எழுதிட்டு ஆஸ்டின் அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. நான் ஆபீஸ் கேன்டீன்ல படிச்சுட்டிருந்தேன், சாம்பார் மூக்குல ஏறிடுச்சு.

இப்ப உங்க மொதக் கேள்வி. அங்கயும் யாரும் பேசல, ஆனா ஏன் பேசலன்னு நமக்கு எரிச்சலே வராது, ஏன்னா அவங்களால முடியாது. கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பொண்ணும் அன்னிக்கு லெட்டர் போட்டுக்கக் கூடாது, போட்டா நிச்சயம் ஆயிடுச்சுன்னு ஊரே முடிவு கட்டிடும். தனியா ரூம்ல நின்னு பேசவும் முடியாது, எப்பவும் பத்து பேரு சுத்தி இருப்பாங்க, அந்தப் பத்து பேரோட அபத்தம்தான் காமெடி, அந்த சத்தத்துக்கு அடியில இவங்க ரெண்டு பேரு என்ன பண்றாங்கன்னு நாம எட்டி எட்டிப் பாக்குறோம். உங்க மூணு நாவல்லயும் வாட்சப் இருக்கு. ரெண்டு பேருக்கும் வயசு முப்பத்தஞ்சு, தனி வீடு, தனி காரு, கேக்க ஆளில்ல. அப்புறம் எழுதுறவங்க பாவம் என்ன பண்ணுவாங்க, ஃபோன கடல்ல போடணும், இல்ல மெசேஜ் போகாம நிக்கணும், இல்ல தப்பான நேரத்துல பழைய பாய்ஃப்ரெண்டு பெல் அடிக்கணும். உங்களுக்கு எரிச்சல் வர்ற எடம் அது.


டீ_ஆறிடுச்சு:

எல்லாரும் இந்தப் புக்கத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். நான் ரெண்டு தடவ ஆரம்பிச்சு ரெண்டு தடவயும் கதைல லைம்ங்குற கடலோர ஊரு வர்றதுக்குள்ள வச்சுட்டேன். இது காமெடியா சார்? ஆன் பாட்டுக்கு ஓரமா உக்காந்து மத்தவங்க டான்ஸ் ஆட பியானோ வாசிக்கிறா, கண்ணுல தண்ணி கட்டிக்கிட்டு வாசிக்கிறா, அவன் அந்த நேரத்துல வேற ரெண்டு பொண்ணுங்களோட சிரிச்சுப் பேசிட்டிருக்கான், அதுவும் இவ காதுபட. எனக்கு சிரிப்பு வரல, அவன ரெண்டு அப்பு அப்பணும்னு தோணுச்சு. அப்புறம் செத்துப்போன பையன வச்சு காமெடி பண்றது, அந்தம்மா குண்டா இருக்குறத வச்சு காமெடி பண்றது, இன்னிக்கு யாராச்சும் எழுதுனா நாமளே கிழி கிழின்னு கிழிப்போம், ஆஸ்டின்னா மட்டும் சாம்பார் மூக்குல ஏறுதா.

வாசகி அழுகாச்சி வேணாம்னு தெளிவா சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு லைட்டா ஏதாச்சும் சொல்லுங்கப்பா.


ரெண்டாம்_பதிப்பு:

டிக் விஷயம் ஒத்துக்குறேன், அந்த எடம் கொஞ்சம் கொடூரம்தான், அப்பவே கொடூரமாத்தான் இருந்திருக்கும். ஆனா காமெடி இல்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். சர் வால்டர விட்டுட்டீங்களே. 54 வயசுல ஊர்லயே நான்தான் அழகன்னு நெனச்சுட்டு இருக்குற மனுஷன். கடற்படை புடிக்காது, ஏன்னு கேட்டா ரெண்டு காரணம், ஒண்ணு கண்ட கண்ட குடும்பத்துப் பையனெல்லாம் அதுல சேந்து பெரிய மனுஷன் ஆயிடுறான், ரெண்டாவது வெயில்லயும் காத்துலயும் மூஞ்சி கெட்டுப் போகுது. பாத் ஊர்ல ஒரு கடைல நின்னு போற வர்ற பொம்பளைங்கள எண்ணியிருக்காரு, 87 பேரு, ஒரு மூஞ்சி கூட தேறலயாம். எண்ணியிருக்காரு சார், ஒண்ணு ரெண்டுன்னு! அவரு வீட்டுக்குக் குடி வந்த அட்மிரல் மொத வேலையா ட்ரெஸ்ஸிங் ரூம்ல இருந்த பெரிய பெரிய கண்ணாடியெல்லாம் எடுத்து வெளிய வச்சுடுறாரு, எந்தப் பக்கம் திரும்புனாலும் என் மூஞ்சியே தெரியுதுப்பா, எங்க போயி ஒளியறதுன்னு.

லைமுக்கு முன்னாடி வச்சுட்டேன்னு சொன்னீங்களே, சரியா அங்கதான் வண்டி கெளம்புது. இன்னொரு தடவ முயற்சி பண்ணுங்க, இந்தத் தடவ ஆன விட்டுட்டு மத்தவங்கள மட்டும் கவனிச்சுட்டு வாங்க.


ப்ரிஸ்டல்_பக்கம்:

சகோ, நான் இங்க எட்டு வருஷமா இருக்கேன், பாத் எனக்கு ரயில்ல கால் மணி நேரம் கூட இல்ல. மழைய மட்டும் கொற சொல்லாதீங்க, இங்க மழைன்னா அது பேச்சு இல்ல, முகவரி கேக்குறதுக்கு முன்னாடி எக்ஸ்க்யூஸ் மி சொல்ற மாதிரி. நான் மொதல்ல குடியிருந்த வீட்டு ஓனரம்மா, அறுபது தாண்டுனவங்க, ஒரு நாள் சாவி வாங்க வந்தவங்க வாசல்லயே நின்னு இருபது நிமிஷம் மழையப் பத்திப் பேசுனாங்க. நேத்து பெஞ்சது, இன்னிக்குப் பெய்யப் போறது, தோட்டத்துல தண்ணி நிக்கிறது. சாவிய வாங்கிட்டுப் படியெறங்கி கேட் வரைக்கும் போயி திரும்பி, அடுத்த மாசம் கொஞ்சம் பிசியா இருப்பேன், ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தர கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்லயே நின்னேன். அந்த இருபது நிமிஷமும் அவங்க இதத்தான் சொல்ல வந்திருக்காங்கன்னு எனக்குப் பின்னாடிதான் ஒறச்சது.

இந்த மழை காமெடி பெர்சுவேஷன்லயே இருக்கு. பாத்ல மில்சம் தெருவுல ஒரு மிட்டாய்க்கடை, மழைக்கு ஒதுங்குனாப்ல ஆன் உள்ள நிக்கிறா, வென்ட்வொர்த் ஒரு கும்பலோட உள்ள வர்றான். கடல்ல எத்தனையோ சண்ட போட்டவன், மூஞ்சி செவந்து போயி என்ன பேசுறதுன்னு தெரியாம தடுமாறுறான். கடைசில புதுசா வாங்குன கொடையக் காட்டி, நேத்துதான் வந்தேன், அதுக்குள்ள இந்த ஊருக்குத் தேவையானத வாங்கிட்டேன் பாத்தீங்களான்னு சொல்லி, நீங்க நடந்துதான் போகணும்னா இத எடுத்துக்கங்கன்னு நீட்டுறான். எட்டு வருஷக் காதல் ஒரு கொடைல வந்து நிக்குது. அவ வாங்க முடியாது, ஏன்னா அவள கூட்டிட்டுப் போறேன்னு மிஸ்டர் எலியட்னு கசின் முறைல ஒரு சொந்தக்காரன், ஆளு வேற பாக்க ஷோக்கா இருப்பான், அந்த நேரம் பாத்து வந்து நிக்கிறான். தெரு இன்னும் இருக்கு, அந்த மிட்டாய்க்கடை இல்ல.

லைம் ரீஜிஸுக்கும் ஒரு தடவ போயிருக்கேன். டார்செட்ல இருக்கு. ஊருக்குள்ள ரயில் கெடயாது, ஆக்ஸ்மின்ஸ்டர்ல எறங்கி பஸ் புடிக்கணும். காப்னு சொல்ற அந்தக் கல்லுச் சுவரு கடலுக்குள்ள வளஞ்சு போகும், மேல்தளம் கடல் பக்கமா சரிஞ்சு இருக்கும், ஈரமா இருந்தா கால் வழுக்கும், புடிச்சுக்கக் கம்பி கூட இல்ல. மேரியோட நாத்தனார் லூயிசா இந்தப் படிலதான் குதிச்சான்னு சுவத்துல நீட்டிக்கிட்டு இருக்குற வரிசைக் கல்லக் காட்டுவாங்க, ஊர்ல அதுக்குப் பேரு பாட்டி பல்லு. இல்ல அது இல்ல, பக்கத்துல இருக்குற வேற படின்னும் சொல்றாங்க. என் வீட்டுக்காரம்மா பாட்டி பல்லப் பாத்துட்டு, இதுல ஒருத்தி எறங்கறதே பெரிசு, எதுக்கு குதிச்சான்னு கேட்டா. வென்ட்வொர்த் புடிப்பான்னு குதிச்சா. மொத தடவ புடிச்சுட்டான். மறுபடி ஓடிப்போயி மேல ஏறி குதிச்சா, அர செகண்டு முந்திட்டா. கீழ கெடக்குறா.

அந்த எடத்துல டீ_ஆறிடுச்சு அண்ணே நீங்க கண்டிப்பா சிரிப்பீங்க. லூயிசா மயக்கம், அதப் பாத்து அவ அக்கா ஹென்றியட்டா மயக்கம், மேரி வீல்வீல்னு கத்துறா, வென்ட்வொர்த் சுவத்துல சாஞ்சுக்கிட்டு யாராச்சும் உதவுங்களேன்னு பொலம்புறான், நிதானமா இருக்குறது ஆன் மட்டும்தான், டாக்டரக் கூப்புடுங்கன்னு அவதான் சொல்றா. அதுக்குள்ள கூலியாளுங்க படகுக்காரங்க எல்லாம் கூடிட்டாங்க, ஒரு பொண்ணு செத்துக் கெடக்கான்னு கேள்விப்பட்டு வந்தா இங்க ரெண்டு கெடக்குது, டபுள் லாபம்னு அவங்களுக்கு சந்தோஷம். ஒரு பக்கம் உசுரு ஊசலாடுது, இந்தப் பக்கம் இப்படி ஒரு வரி.


கணக்குப்புள்ள:

எல்லாரும் காதலயே பேசுறீங்க, நான் காசப் பேசுறேன். லேடி ரஸ்ஸல வில்லியாக்காதீங்க. 1806ல அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல, சம்பாதிச்சதையெல்லாம் செலவழிச்சுட்டு நிக்கிறான், கப்பல் கெடைக்குமான்னு கூடத் தெரியாது, கெடைச்சா உசுரோட வருவானான்னு தெரியாது. எந்த வீட்டுல பொண்ணு குடுப்பாங்க? எட்டு வருஷம் கழிச்சு அவன்கிட்ட 25,000 பவுண்டு. லாட்டரி அடிக்கல. அன்னிக்கு சண்டைல எதிரி கப்பலப் புடிச்சா கப்பலையும் சரக்கையும் வித்து அந்தப் பணத்தப் பங்கு போடுவாங்க, கேப்டனுக்குப் பெரிய பங்கு, மாலுமிக்கு சில்லறை. நெப்போலியனோட சண்ட நடக்க நடக்க அவன் கணக்கு ஏறிக்கிட்டே போச்சு. 1814ல சமாதானம் வந்துச்சு, ஆபீசர்ங்க எல்லாம் கரையேறிட்டாங்க, கையில காசு இருக்கு, இருக்க வீடு இல்ல, அதனாலதான் அட்மிரல் வாடகைக்கு வீடு தேடுறாரு. சர் வால்டருக்கு வீடு இருக்கு காசு இல்ல. கதையே அந்த வாடகை ஒப்பந்தத்துலதான் ஓடுது.

வாசகி படிச்ச புக்குல அந்தப் பாட்டி கடை பாழடஞ்சு கெடக்குதுன்னு சொன்னாங்களே, அதுவும் இதான். காதல் திரும்பி வரணும்னா ரெண்டு பேரையும் ஒரே ஊர்ல கட்டி வைக்கணும், அதுக்கு ஒரு சொத்து வேணும். மாட்டு டாக்டருக்கு மட்டும் கடன் இருக்கான்னு யாரும் எழுத மாட்டாங்க.


ஸ்க்ரீன்ஷாட்_மாமி:

படம் பாத்து ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு அதனால வாசகிக்கு ஒரு எச்சரிக்கை. 2022ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தத மொதல்ல பாத்துடாதீங்க. ஆன் கேமராவப் பாத்து கண்ணடிச்சு கண்ணடிச்சு மனசுல இருக்குறதையெல்லாம் நம்மகிட்ட கொட்டிடுறா, எக்ஸ் அது இதுன்னு இந்தக் காலத்துப் பேச்சு வேற. வாயத் தொறக்க முடியாதவளோட கதைல வாயத் தொறந்துட்டா மிச்சம் என்ன இருக்கு? 1995ல பிபிசி எடுத்தது நல்லாருக்கும், அமாண்டா ரூட், கியாரன் ஹைண்ட்ஸ். மேக்கப்பே இல்லாத மாதிரி மூஞ்சி, பாவாட ஓரத்துல சேறு, அப்படியே இருக்கும்.

லைட்டா வேணும்னா ப்ரிட்ஜெட் ஜோன்ஸ். 1995ல தி இண்டிபெண்டண்ட் பேப்பர்ல தொடர் பத்தியா வந்து அடுத்த வருஷம் புக்காச்சு, மொதப் புக்கோட எலும்பு ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்னு எல்லாருக்கும் தெரியும், 1999ல வந்த ரெண்டாவதோட எலும்பு பெர்சுவேஷன், இது நெறைய பேருக்குத் தெரியாது. சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா அதுலயும் ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிக்க மாட்டாங்க, அப்புறம் என்னத் திட்டக் கூடாது.


மொட்டைமாடி_வாசகி:

எல்லாருக்கும் நன்றி, நாலு நாளா பதில் போடலன்னு கோவிச்சுக்காதீங்க, படிச்சுட்டு இருந்தேன். குட்டன்பெர்க் வெப்சைட்ல ஃப்ரீயாவே கெடச்சது. மொத மூணு அத்தியாயம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போனேன், வாக்கியம் ஒவ்வொண்ணும் பெருமாள் கோயில் பிரகாரம் மாதிரி சுத்திக்கிட்டே போகுது. சோபா வந்ததும் சரியாயிடுச்சு.

ஆனா எனக்கு சோபாவ விடப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு அந்தக் கொழந்த சீன். அடிபட்ட பெரிய பையனுக்கு ஆன் மண்டிபோட்டு ஏதோ பண்ணிட்டிருக்கா, சின்னது ரெண்டு வயசு வாண்டு அவ முதுகுல ஏறித் தொங்குது, எறங்குடான்னா எறங்கல, அதட்டுனாலும் கேக்கல, ஒருத்தன் பேப்பர் படிச்சுக்கிட்டே வாயால மட்டும் டேய்ங்குறான். திடீர்னு முதுகு லேசாகுது. யாரோ அத தூக்கிட்டாங்க. வென்ட்வொர்த். அவளால தேங்க்ஸ் கூட சொல்ல முடியல, அவனும் தேங்க்ஸ் வாங்கக் கூடாதுன்னே கொழந்தையோட சத்தமா வெளையாடுறான். நான் அந்த ஒரு பக்கத்த மூணு தடவ படிச்சேன். கழுத்துல மாட்டியிருந்த அந்தக் குட்டிக் கைய அவன் பிரிச்சு எடுக்குறது, அவ்வளவுதான், தொட்டது கூட இல்ல.

இன்னொண்ணு கர்ட்டன். அவளும் லேடி ரஸ்ஸலும் பாத்ல வண்டில போறப்ப எதிர்ப்பக்கம் நடைபாதைல அவன் வர்றான். லேடி ரஸ்ஸல் ஜன்னல் வழியா அந்தப் பக்கமே உத்துப் பாக்குறாங்க. போச்சுடா அவனத்தான் பாக்குறாங்க, இன்னும் அழகா இருக்கானேன்னு ஆச்சரியப்படுறாங்க போலன்னு இவ மனசு என்னென்னமோ ஓட்டுது. கடைசில அந்தம்மா திரும்பி, இந்தத் தெருவுல யாரு வீட்டுலயோ நல்ல கர்ட்டன் போட்டிருக்காங்களாம், அதத் தேடிட்டு வந்தேன், ஒண்ணையும் காணோம்ங்குறாங்க! நான் சத்தமா சிரிச்சுட்டேன், எங்கம்மா மறுபடி காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க.

அந்த லெட்டர் கிட்ட வந்துட்டேன்னு நெனக்கிறேன், யாரும் எதுவும் சொல்லிடாதீங்க. ஆனா கடைசில ஏதோ ரெண்டு முடிவு எழுதுனாங்கன்னு எங்கயோ படிச்சேன், நெசமா?


ரெண்டாம்_பதிப்பு:

நெசந்தான். நீங்க படிச்சு முடிச்சுட்டு இதப் படிங்க, இப்பவே ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

1816 ஜூலை 18ல முடிச்சிருக்காங்க. அந்த மொத முடிவுல அட்மிரல்தான் சேத்து வைக்கிறாரு. மிஸ்டர் எலியட்ட ஆன் கட்டிக்கப் போறான்னு ஊர்ல பேச்சு, அப்படின்னா அப்பா வீட்ட அவங்களுக்கே காலி பண்ணிக் குடுத்துடலாமேன்னு நல்ல மனசோட, நீ போயி கேட்டுட்டு வாடான்னு வென்ட்வொர்த்தையே அனுப்புறாரு. பழைய காதலிகிட்ட உன் கல்யாணம் எப்போன்னு கேக்க அவனையே தூது அனுப்புறது! காமெடியா நல்லாத்தான் இருக்கு. கல்யாணமெல்லாம் இல்லன்னு அவ சொல்ல, அங்கயே முடிஞ்சிடுது. ஆனா ஆஸ்டினுக்குத் திருப்தி இல்ல, மூணு வாரத்துக்குள்ள, ஆகஸ்ட் 6க்குள்ள அதத் தூக்கிட்டு இப்ப இருக்குறத எழுதிட்டாங்க. தூக்கிப் போட்ட அந்த ரெண்டு அத்தியாயம் அவங்க கையெழுத்துல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அவங்க முடிச்சு அச்சான நாவல்கள்ல கையெழுத்துப் பிரதின்னு மிஞ்சினது அது மட்டும்தான்.

ஏன் மாத்துனாங்கன்னா என் கணிப்பு இது. மொத முடிவுல தனி ரூம், கதவு சாத்தியிருக்கு, ரெண்டு பேரு மட்டும். புது முடிவுல ஹோட்டல் ரூம் நெறய ஆளு. அந்தப் பக்கம் மிஸஸ் மஸ்க்ரோவ் கல்யாணப் பேச்சு பேசிட்டிருக்காங்க, இந்தப் பக்கம் ஆன், யாரு ரொம்ப நாள் மறக்காம இருப்பாங்க, ஆணா பொண்ணான்னு இன்னொரு கேப்டன் ஹார்வில்கிட்ட வாதம் பண்ணிட்டிருக்கா, டேபிள்ல வென்ட்வொர்த் யாருக்கோ எழுதற மாதிரி எழுதிட்டு அத அத்தனையும் ஒட்டுக்கேட்டுட்டு இருக்கான், பேனா டப்புன்னு கீழ விழுது. அத்தன பேரு இருக்குறப்பவே லெட்டர் கை மாறுது. எழுதவே கூடாதவன் எழுதி, தரவே கூடாத எடத்துல தர்றான்.


டீ_ஆறிடுச்சு:

சரி, லைம் தாண்டிட்டேன். டபுள் லாபத்துக்கு சிரிச்சேன், ஒத்துக்குறேன். வென்ட்வொர்த் மேல கோவம் மட்டும் இன்னும் போகல. அவ வேணாம்னு சொன்ன ரெண்டே வருஷத்துல கையில கொஞ்சம் காசும் கப்பலும் வந்துடுச்சே, அப்பவே ஒரு கடுதாசி போட்டிருந்தா ஆறு வருஷம் மிச்சம். கடைசில அவனே அத வாய்விட்டு ஒத்துக்குறானாமே?


ரெண்டாம்_பதிப்பு:

ஒத்துக்குறான். நான் அப்ப எழுதியிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியான்னு கேக்குறான், அவ சொல்ற பதில அங்கயே படிங்க. அப்புறம் அவன் சொல்றது என்னன்னா, நான் கண்ண மூடிக்கிட்டேன், என் திமிருதான்னு. வாசகியோட அந்த ஸ்டேஷன் கேள்விக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் சொன்ன பதில்.


ஸ்க்ரீன்ஷாட்_மாமி:

அது கெடக்கட்டும், ப்ரிஸ்டல் தம்பி, அந்த ஓனரம்மா கல்யாணம் என்னாச்சு? சொல்லாம போயிட்டீங்களே.


ப்ரிஸ்டல்_பக்கம்:

நடந்துச்சு மாமி, எங்களையும் கூப்புட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ், மொத்தம் முப்பது பேரு, அப்புறம் ஒரு பப்ல சாப்பாடு. மாப்புளகிட்ட எத்தன வருஷம் கழிச்சு பாத்தீங்கன்னு கேட்டேன், 44ன்னாரு. அப்புறம் இன்னிக்கு மழை வராதுன்னு சொல்லியிருந்தாங்களேன்னு ஆரம்பிச்சுட்டாரு. வெளிய கொட்டுது. போட்டோ எடுக்குறப்ப கொடைய முழுசா அந்தம்மா பக்கமே சாச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, ஆளு ஒரு பக்கம் தொப்பலா நனஞ்சிருந்தாரு, கோட்டு தோள்லேர்ந்து தண்ணி சொட்டுது, அந்தம்மா பாத்துட்டு சாரின்னாங்க, அவரு இல்ல இல்ல நான்தான் சாரின்னாரு.